கன்னத்தில் ஒரு கூடை

கொரில்லாவுக்குக் கன்னப்பை கிடையாது. இலையும் தண்டும் குருத்துமாகத் தன் சாப்பாட்டின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் அவ்வளவு பெரிய பிராணிக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் இல்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் கூரைக்குக் கூரை தாவும் நாட்டுக்குரங்கின் பாடு வேறு. ஆண் குரங்கே பெரும்பாலும் பத்துக் கிலோவைத் தொடாது. பழுத்த மரத்தைக் கண்டாலும் அங்கே தன்னைவிட வலிய குரங்கு இருக்கும், கீழே நாய் நிற்கும், காடானால் சிறுத்தை வரும். அதனால்தான் அதன் கன்னத்தின் உட்புறம் கழுத்துவரை பையாக விரிகிறது. ஏறக்குறைய இரைப்பை கொள்ளும் அளவு தீனியை அதில் அதக்கிக்கொண்டு, பத்திரமான கிளைக்குப் போய், புறங்கையால் கன்னத்தை அழுத்தி வாய்க்குத் தள்ளித் தள்ளி மெல்லும். பையில் கிடக்கும்போதே எச்சிலின் நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கிவிடும். கொட்டைகளைப் போகிற வழியில் துப்புவதால், தாய்மர நிழலைவிட்டு விலகி முளைக்க விதைக்கு இடம் கிடைக்கிறது. இலை தின்னும் மந்திக்கு இந்தப் பை இல்லை. அதற்குப் பல அறை கொண்ட இரைப்பை.

ஆக, குரங்கின் திருட்டு என்று நாம் திட்டுவது இந்தப் பையின் வேலையைத்தான். வெட்டவெளியில் வாரிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்து தின்பதற்கென்று அமைந்த உடம்பு அது. சாலையை அகலமாக்க ஆலையும் அரசையும் புளியையும் வெட்டிவிட்டால், தீனியும் போகிறது, உட்காரக் கிளையும் போகிறது. மிச்சம் நம் மொட்டைமாடிதான். குரங்கு பெருகிவிட்டதால்தான் தொல்லை என்பார்கள். தெருவில் அதிகம் தென்படுவதை வைத்து எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. மைசூரைச் சுற்றி நடந்த கணக்கெடுப்புகளில் 25 ஆண்டுகளில் இவை பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத இந்தக் குரங்கு, இன்று அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் குரங்கிடம் பயிரை இழந்த கடலை விவசாயியின் நஷ்டம் பொய்யா என்று கேட்டால், இல்லை; அது மெய்யான நஷ்டம், ஈடு கேட்பதும் நியாயம். ஆனால் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுவது தொல்லையை அடுத்த ஊருக்கு அனுப்புவதே. பழகாத இடத்தில் விடப்பட்ட குரங்கு பக்கத்து ஊரைத் தேடித்தான் வரும்.

கோயில் வாசலில் பிஸ்கட் நீட்டுவதைப் புண்ணியம் என்று நினைக்காதீர்கள். மனிதக் கையைத் தீனிக் கிளையாகப் பார்க்க அங்கேதான் குட்டி கற்கிறது. அந்தக் காசில் ஊர் எல்லையில் ஒரு ஆலங்கன்றோ நாவல் கன்றோ நட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.