மூதூருக்குப் போகும் மழை

யுத்த காலத்தில் நீங்கள் செய்த பயணங்களை எண்ணிப் பாருங்கள். ஷெல்லுக்குப் பயந்து ஓடியிருப்பீர்கள். காணாமற்போனவரைத் தேடிக் கந்தோர் கந்தோராக அலைந்திருப்பீர்கள். சும்மா பார்த்துவிட்டு வரவென்று எங்காவது போனதுண்டா?

ஒரு மாசி மாதம் மூதூரிலிருந்து ஒரு மகளிர் குழு எங்கள் வட்டவளைக்கு வந்தது. நாவலப்பிட்டியில் ரயில் ஏறினார்கள். அங்கிருந்து பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஹற்றன் 4,000 அடிக்கும் மேலே. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில், 1884இல், அந்த ஊர்வரை ரயில் வந்தது. இமயமலையின் டார்ஜிலிங்குக்கும் அதற்குச் சற்று முன்னர், 1881இல், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. அங்கே கஞ்சன்ஜங்கா பனிச்சிகரம் தெரியும். இங்கே வானம் வெளித்தால் சிவனொளிபாதமலை தெரியும்; 2,243 மீற்றர். பனி இல்லைத்தான், ஆனால் எனக்கு அது போதும்.

தலவாக்கலைக்குக் கிட்ட சென் கிளேயர் நீர்வீழ்ச்சியை ரயிலிலிருந்தே பார்க்கலாம். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் அதில் பழைய தண்ணீர் இல்லை.

வந்தவர்களில் ஓர் அக்கா, "எவ்வளவு வடிவு!" என்றார். கொழுந்துக் கூடையோடு நின்ற எங்கள் தோட்டத்து அம்மா சிரித்தார். "வடிவுதான். பாத்து வாங்க, அட்டை ஏறும்." படங்களில் வரும் அந்தப் பச்சைக்குள்ளேதான் அவருடைய ஒற்றை லயக்காம்பராவும் இருக்கிறது. அன்று பகல் அங்கேதான் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். இருவரும் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல். அந்த மழை ஓடைகளாகி, மகாவலியாகி, கொட்டியாரக்குடாவில் கடலில் சேர்கிறது என்று சொன்னேன். அக்கா நம்பவில்லை.

"எங்கட மூதூருக்கோ?"

"ஓம் அக்கா."

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கி நின்றார். கூப்பிடக் கூப்பிட வரவில்லை.

வருவதானால் தை முதல் பங்குனிவரை வாருங்கள். வைகாசி பிறந்தால் மழை விடாது. கம்பளிச்சட்டையும் அட்டைக்குச் சவர்க்காரமும் கொண்டுவாருங்கள். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியால் மலையக ரயில்பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே புறப்படுமுன் ஸ்டேஷனில் விசாரியுங்கள். ரயில் இல்லாவிட்டால் ஹற்றன் பஸ்ஸில் ஏறி வட்டவளையில் இறங்கலாம்.