முகாம் ஊழியர்க்கு ஏற்ற பூங்காப் படம்

கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு இயற்கை முகாம் நடத்த முன்வரும் சங்கங்கள் உணவுக்கும் வண்டிக்கும் முன்னரே திட்டமிடுகின்றன. ஊழியர் கையில் இருக்கவேண்டிய படத்தையோ மறந்துவிடுகின்றன. 30 குழந்தைகளுள் ஒன்று பின்தங்கிவிடின், தேடுவோர் அனைவரும் ஓரிடத்தை ஒரே பெயரால் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சென்னையிலுள்ள கிண்டிப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1978-இல் தேசியப் பூங்காவான இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 270 ஹெக்டேர். ஒரு செ.மீ. 100 மீட்டரைக் குறிக்குமாறு வரைந்தால், ஒரு ஹெக்டேர் நிலம் ஒரு சதுர செ.மீ. ஆகும். நெசவாளர் கரை மாதிரி வரையும் கட்டத்தாளே இதற்குப் போதும். குழந்தைகள் நிமிடத்திற்கு 50 மீட்டர் நடப்பதாகக் கொண்டால், பாதையில் ஒவ்வொரு செ.மீ.க்கும் இரண்டு நிமிடம் ஆகும் என்பதும் விளங்கும்.

பார்வையாளர் படம் காணத்தக்கவற்றைக் காட்டும். ஊழியர் படமோ குடிநீர், நிழல், கழிப்பிடம், முதலுதவி, வண்டி நிற்கும் வாயில், கூடுமிடம் ஆகியவற்றைக் காட்டவேண்டும். வெளிமானும் புள்ளிமானும் நீரருந்தும் குளங்களை, விலகி நிற்கவேண்டிய இடங்களாகக் குறித்தல் நன்று. வடதிசை, அளவு, வரைந்த தேதி மூன்றும் தவறாது இடம்பெறுக. கோடையில் குளம் வற்றலாம். மரம் சாய்ந்து பாதை மறையலாம். ஆதலின் சென்ற ஆண்டுப் படத்தை அப்படியே நம்பலாகாது.

வனத்துறையின் அனுமதி பெற்று, முகாமுக்கு முன்பே ஊழியர் அனைவரும் படத்துடன் ஒருமுறை நடந்து பார்த்துத் திருத்துக. புலப்படத்தில் பிழை நேர்ந்தால் வரப்புத் தகராறு வரும். இப்படத்தில் பிழை நேர்ந்தாலோ பிள்ளை வழிதவறும்.