நத்தை ஓட்டில் எழுதிய மழைக் கணக்கு

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவருள் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்தோர் பலர். கோடையில் ஊர்க்குளம் வற்றியதும் சேற்றின்மேல் வெளுத்துக் கிடக்கும் நத்தை ஓடுகளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலில் குத்தும் என்று நாம் ஒதுக்கித் தள்ளிய அப்பொருளைக் கொண்டு, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்யாது பொய்த்த மழையை ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள் என்றால் வியப்பன்றோ?

இதன் சூட்சுமம் பிராணவாயுவில் இருக்கிறது. அதன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை 16 எடை உடையவை. ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மட்டும் 18 எடை உடையவை. நீர் ஆவியாகும்போது இலேசான அணுவைத் தாங்கிய நீரே முந்திக்கொண்டு மேலெழும், கனத்தது பின்தங்கும். உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்பு மிகுவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே, வரும் நீர் குறைந்து வெயில் குடிக்கும் நீர் மிகுந்தால், ஏரியில் கனத்த பிராணவாயுவின் பங்கு ஏறிவிடும். அந்த நீரிலிருந்தே நத்தை தன் சுண்ணாம்பு ஓட்டைக் கட்டிக்கொள்வதால், அவ்விகிதம் ஓட்டிலும் பதிந்துவிடுகிறது. நத்தை மாண்ட பின்னும் கணக்கு அழிவதில்லை. கடற்சிப்பிகளில் இவ்விகிதத்தைக் கண்டு பண்டைக் கடலின் வெப்பத்தை அளக்கலாம் என்று 1947-இல் வழி காட்டியவர், நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஹரால்ட் யூரி.

நம் நாட்டில் இம்முறை பெரும் பயன் தந்த இடம் ஹரியானாவிலுள்ள கோட்லா தஹர். இன்று வறண்டு கிடக்கும் அவ்விடம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது; அருகில் சிந்துவெளி நாகரிக மக்களின் குடியிருப்புகளும் இருந்தன. ஏரிப் படுகையின் மண் அடுக்குகளிலிருந்து மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா என்னும் சிறு நத்தையின் ஓடுகளை எடுத்து ஆராய்ந்தனர் யமா தீட்சித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி ஆகியோர். 2014-இல் வெளியான அவர்தம் முடிவு இது: ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன் ஓடுகளின் பிராணவாயு விகிதம் ஆயிரத்துக்கு நான்கு பங்கு திடீரென உயர்ந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தளர்ந்து ஏரி வற்றலாயிற்று என்பதே அதன் பொருள். சிந்துவெளியின் பெருநகரங்கள் கலையத் தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலமே!

அவ்வாறாயின் வறட்சியே அந்நகரங்களை அழித்தது எனத் தீர்ப்பளித்துவிடலாமா? ஆராய்ச்சியாளர்களே அவ்வளவு தூரம் செல்லவில்லை. ஏரியின் காலக்கணக்கிலும் நகரங்களின் காலக்கணக்கிலும் ஐயத்துக்கு இடமுண்டு. மழைக்கும் அதில் ஒரு பங்கிருக்கலாம் என்றே அவர்கள் கூறினர். அவ்வடக்கம் பாராட்டத்தக்கது. ஓட்டின் வயதைக் கரியணு முறையால் அறிவதிலும் ஓர் இடர் உண்டு. ஏரி நீரில் பழைய சுண்ணாம்புப் பாறையின் கரி கரைந்திருந்தால், நேற்று மாண்ட நத்தையும் பல நூற்றாண்டு முதியதாகத் தோன்றும். அன்றியும், ஓட்டின் சுண்ணாம்பு மண்ணுக்குள் வேறு படிக வடிவாக மாறியிருந்தால் அதன் சாட்சியம் செல்லாது. அதை முதலில் சோதித்தல் வேண்டும்.

நம் நகரத்தருகேயும் வெள்ளாயணி என்னும் நன்னீர் ஏரி இருக்கிறதே, அங்கே தோண்டினால் என்ன என்று சிலர் கேட்கலாம். கேரளத்து மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது. அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். வேம்பநாட்டுக் காயலில் கிளிஞ்சல் பெரும் படிவாகக் கிடப்பது உண்மையே. 1946-இல் தோன்றிய திருவாங்கூர் சிமெண்டு ஆலை அதைக் கொண்டே வெள்ளைச் சிமெண்டு செய்தது. ஆனால் அது உவர்நீர் கலந்த காயலின் சிப்பி, நன்னீர் நத்தையன்று. ஆகவே இப்பக்கத்து ஏரிகளின் பழமையை ஆராய்வோர் சேற்றில் புதைந்த மகரந்தத் தூளையும் மக்கிய இலைதழையையும் நாடுகின்றனர். 1978-இல் இந்நகரின் ஆக்குளத்தில் நிறுவப்பெற்ற புவி அறிவியல் ஆய்வு மையம் இத்தகைய படிவுகளை ஆராயும் நிலையங்களுள் ஒன்று. கொல்லம் நகருக்குக் குடிநீர் தரும் சாஸ்தாங்கோட்டை ஏரி அண்மைக் காலத்தில் சுருங்கிவருவதைக் காணும்போது, அது முன்பும் இவ்வாறு சுருங்கியதுண்டா என்பது வெறும் பண்டிதர் கேள்வியாகத் தோன்றவில்லை.

கோட்லா தஹரில் சாட்சி சொன்ன அதே நத்தையினம் தென்னாட்டு நீர்நிலைகளிலும் பரவலாக உயிர் வாழ்கிறது. சுண்டுவிரல் நுனியளவே இருக்கும். கூம்பாகத் திருகி நீண்டிருக்கும். பழைய ஓட்டைப் படிக்க வேண்டுமாயின், உயிருள்ள நத்தையின் ஓட்டையும் அது வாழும் நீரையும் ஒருங்கே அளந்து, இரண்டும் எவ்வளவு ஒத்துவருகின்றன என்று காண வேண்டும். அதற்கு ஊர்க்குளத்து நத்தையே போதும்.