கொட்டாரம் இல்லாத சரக்கு

உண்டதும் உடம்பும் – 14

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் இருக்கும் பழைய நெல் கொட்டாரங்களைப் பார்த்திருப்பீர்கள். வட்டம் வட்டமாக, அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு நிற்பவை. அறுவடையில் வந்ததைக் கொட்டி வைத்து, வேண்டும்போது அளந்து எடுத்தார்கள். நம் உடம்பிலும் இப்படிக் கொட்டாரங்கள் உண்டு. சர்க்கரைக்குச் சின்னதாக ஒன்று, கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாக. கொழுப்புக்குப் பெரியதாக ஒன்று, இடுப்பைச் சுற்றி; அது எவ்வளவு கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும். புரதத்துக்கு மட்டும் கொட்டாரமே கிடையாது.

தில்லை நகர் பக்கம் ஜிம்முக்குப் போகும் பையன்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெரிய டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி பொடியைப் பாலில் கலக்கிக் குடித்தால் 50 கிராம் புரதம் உள்ளே போய்விடும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள் முழுவதற்கும் தேவை அவ்வளவுதான். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது 2020-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன அளவு. எடை தூக்குகிறவருக்குக் கூடுதலாக வேண்டும்தான். ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் தசைக்குப் பெரிய லாபம் ஒன்றும் தெரிவதில்லை. அந்தப் பையன் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறவன் என்பதையும் மறக்கக் கூடாது. 300 கிராம் அரிசியிலேயே 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

மிஞ்சியது என்னாகிறது? குடலில் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து கல்லீரலுக்குப் போகிறது. உடம்பு தன் சொந்தப் புரதத்திலேயே தினம் 250 முதல் 300 கிராம் வரை பிரித்துத் திரும்பக் கட்டுகிறது. அந்த வேலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியிலிருந்து நைட்ரஜனைக் கழற்றிவிடுகிறது. கழன்ற நைட்ரஜன் அம்மோனியாவாகும். அது மூளைக்கு விஷம். எனவே கல்லீரல் அதை உடனே யூரியாவாக மாற்றிவிடுகிறது. இந்தச் சுழற்சியை 1932-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தவர்கள் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும். லால்குடி வயல்களில் நெல்லுக்குத் தூவுகிற அதே யூரியாதான். மூலக்கூறில் துளி வித்தியாசம் கிடையாது. உபரியாக 50 கிராம் புரதம் போனால் சுமார் 17 கிராம் யூரியா வரும். அதைச் சிறுநீரகம் தண்ணீரோடு சேர்த்து வெளியே அனுப்ப வேண்டும். தாகம் எடுப்பது அதனால்தான். நைட்ரஜன் போக மிஞ்சிய பகுதி அன்றைய எரிபொருள். எரிபொருளும் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டால், நிறைவது கொழுப்புக் கொட்டாரம்.

சேமிப்பு இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் வரிசையில் பச்சைத் தண்ணீரோடு நிற்பவரை எடுத்துக்கொள்வோம். (பலகாரம் என்ற பெயரில் ரவா உப்புமாவை ஒரு கை பார்ப்பவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.) கல்லீரல் கிளைக்கோஜன் ஒரு நாளுக்குள் கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும். கொழுப்பு எரியத் தொடங்கும். ஆனால் மூளை சர்க்கரை கேட்கும். கொழுப்பு அமிலத்திலிருந்து அதைச் செய்ய முடியாது. அதனால் தசைப் புரதத்தில் கொஞ்சம் பிரித்தெடுத்துத்தான் கல்லீரல் சர்க்கரை செய்கிறது. தசமியன்று எத்தனை கிண்ணம் பருப்பு சாப்பிட்டிருந்தாலும் இது நடக்கும். ஒரு நாள் இழப்பு அற்பம்தான். துவாதசி பாரணைக்கு அகத்திக்கீரையில் பயத்தம்பருப்பு போடுகிற வீடுகளில் ஈடுகட்டும் வேலை அந்த இலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

வயிறு நிறையாதவர் கதை வேறு. 1918-ல் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி டாக்டர் சி. கோபாலனும் அவர் குழுவினரும் 1973-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹைதராபாத் பக்கத்துக் கிராமக் குழந்தைகளுக்குத் தினமும் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் உயரமும் எடையும் நன்றாக ஏறின. சோறு போதாதபோது தின்கிற புரதமும் எரிபொருளாகவே போய்விடுகிறது. சோறு போதுமென்றால் அது வளர்ச்சிக்கு மிஞ்சும். விலையுயர்ந்த புரதப் பொடியை விற்க நினைத்தவர்களுக்கு அந்த முடிவு ருசித்திருக்காது.

ஒரே வேளையில் அள்ளிக் கொட்டாமல் காலையில் ஒரு முட்டை அல்லது சுண்டல், மதியம் பருப்பு, ராத்திரி பால் என்று பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் பொடி டப்பா பக்கம் போக வேண்டாம். மற்றவர்களும் டப்பாவைத் திறக்குமுன் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.