விடிவதற்குள் மூளையை விட்டு விலகவேண்டிய மருந்து

1998-ல் டல்லாஸில் மசாஷி யானகிசாவாவின் குழு, மூளையின் ஹைப்போதலாமஸில் சுரக்கும் ஒரு பெப்டைடு ஜோடியைக் கண்டுபிடித்து ஒரெக்சின் என்று பெயரிட்டது. அது பசியைத் தூண்டுவது என்றே முதலில் நினைத்தார்கள். மறுவருடம் ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மிக்னோவின் குழு, உற்சாகம் வந்தாலே சரிந்து விழும் டாபர்மேன் நாய்களை ஆராய்ந்தது. அவற்றில் பழுதாகியிருந்தது ஒரெக்சினின் ஏற்பி. நம்மை விழித்திருக்க வைக்கும் சமிக்ஞை எதுவென்று அப்போது தெரிந்தது. அந்த ஏற்பியை இரவில் மட்டும் அடைத்துவைத்தால் தூக்கம் வர வேண்டும் அல்லவா?

அமெரிக்காவின் மெர்க் நிறுவன வேதியியலாளர்கள் இறங்கிய வேலை இதுதான். ஏற்பியை அடைக்கும் மூலக்கூறு கிடைத்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைக்கத் தோன்றும். உண்மையில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

மூளையின் ரத்த நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கும். அவற்றினூடே செல்ல மூலக்கூறு சிறியதாகவும் ஓரளவு கொழுப்பில் கரைவதாகவும் இருக்க வேண்டும். நீரோடு ஒட்டிக்கொள்ளும் ஹைட்ரஜன் தொகுதிகள் குறைவாக இருப்பது நல்லது. அப்படி நுழைந்தாலும், பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு பல மருந்துகளைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். ஆகவே இந்தப் பம்பு உள்ள செல்களை ஒரு படலமாக வளர்த்து, ஒவ்வொரு புதிய மூலக்கூறும் எந்தத் திசையில் வேகமாகக் கடக்கிறது என்று அளப்பார்கள். வெளித்திசையில் வேகம் மிகுந்தால் அது சோதனைக் குழாயில் எவ்வளவு வலுவாக ஏற்பியைப் பற்றினாலும் பயனில்லை.

சரி, கொழுப்பில் கரையும் தன்மையைக் கூட்டினால் போதாதா? கூட்டினால் வேறு தொல்லைகள் வரும். நீரில் கரையாது, கல்லீரல் நொதிகள் விரைந்து சிதைக்கும், ரத்தப் புரதங்களிலும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். ஏற்பியை அடைப்பது ஒட்டாமல் எஞ்சும் பகுதி மட்டுமே. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும் இந்த இழுபறியில்தான் மருந்து வேதியியலாளரின் திறமை வெளிப்படுகிறது என்பது என் எண்ணம்.

மெர்க் வேதியியலாளர்கள் வந்து சேர்ந்த சுவோரெக்ஸன்ட் எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறு. எடை ஏறத்தாழ 451. நீருக்குக் கொடுக்கும் ஹைட்ரஜன் அதில் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஏழு அணுக்கள் கொண்ட டயசெபேன் வளையம். அந்த வளையம் முறுகி நிற்பதால், இருபுறமும் உள்ள தட்டையான பகுதிகள் ஒன்றையொன்று பார்த்தபடி மடிந்து, மூலக்கூறு முழுவதும் குதிரை லாடம்போல வளைகிறது. வளையத்திலுள்ள ஒரேயொரு மெத்தில் தொகுதி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதுகூட முக்கியம். 2015-ல் ஏற்பியோடு சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தபோது, அது இதே மடிந்த நிலையில்தான் உள்ளே அமர்ந்திருந்தது.

நீரில் கரையாத குறை மட்டும் தீரவில்லை. மாத்திரையில் கோபோவிடோன் என்ற பாலிமரைச் சேர்த்துத்தான் அதைச் சமாளித்தார்கள்.

எஞ்சியது காலக் கணக்கு. சுவோரெக்ஸன்டின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். காலையில் கார் ஓட்டுபவருக்கு அது ஆபத்து. பெரிய பரிசோதனைகளில் 40 மில்லிகிராம் வரை கொடுத்திருந்தும், 2014-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 10-ல் தொடங்கி 20-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்போடுதான் அனுமதித்தது. அந்த எச்சரிக்கை சரியானது என்றே நினைக்கிறேன். 2022-ல் அங்கே அனுமதி பெற்ற டாரிடோரெக்ஸன்டும் இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. அது பாதியாகக் குறைய ஆகும் நேரம் ஏறத்தாழ 8 மணி.