மிச்சக் கம்பியை எடைக்குப் போடாதீங்க! தக்காளி கூண்டு, புடலை பந்தல் வீட்டிலேயே செய்யலாம். தொட்டில் கொக்கிக்கு மட்டும் வேண்டாம்

திண்டுக்கல்,

புது வீடு கட்டி பால் காய்ச்சிய எந்த வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தாலும், நாலைந்து துண்டுக் கம்பி சுவரோரம் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் ஒரு சாக்கில் மிச்சம் விழுந்த ரிங்குகள் கிடக்கும். "கிடக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று போட்டு வைப்பார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் துரு ஏறி, கடைசியில் காயலான் கடைக்குப் போய்விடும். காசு கொட்டி வாங்கிய கம்பி பழைய இரும்பு விலைக்கு எடையில் ஏறும்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்தத் துண்டுக் கம்பி நல்ல சரக்கு. மூங்கிலும் சவுக்கும் இரண்டு, மூன்று வருஷத்தில் கரையான் அரித்து விழுந்துவிடும். கம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. வெல்டிங் பட்டறைக்குப் போகாமலே பாதி வேலையை முடிக்கலாம். ஆனால் எதுக்குப் போடலாம், எதுக்குப் போடக்கூடாது என்று தெரிந்து செய்ய வேண்டும். தெரியாமல் செய்தால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

எடைக் கணக்கு

முதலில் வீட்டில் கிடப்பது எத்தனை எம்.எம். என்று பாருங்கள். 8 எம்.எம். கம்பி ஒரு மீட்டர் சுமார் 400 கிராம், 10 எம்.எம். சுமார் 620 கிராம், 12 எம்.எம். சுமார் 890 கிராம் எடை இருக்கும். கடையில் வாங்கும் முழு நீளக் கம்பி 12 மீட்டர், அதாவது 40 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 10 எம்.எம்.மில் ஒரு முழுக் கம்பி ஏழரை கிலோவுக்குள் வரும். விற்கிறவர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தராசில் ஏமாற மாட்டார்கள்.

தக்காளி கூண்டு

இருப்பதிலேயே சுலபமான வேலை இதுதான். தூணுக்குக் கம்பி கட்டுவதைப் பார்த்தவர்கள் எல்லாம் செய்துவிடலாம். 5 அடி நீளத்தில் நாலு துண்டு, மிச்சம் கிடந்த சதுர ரிங் நாலு, கொஞ்சம் கட்டுக்கம்பி, ஒரு கட்டிங் பிளேயர் போதும்.

நாலு துண்டையும் ரிங்கின் நாலு மூலையில் வைத்து, ஒரு அடிக்கு ஒரு ரிங் என்று கட்டிக்கொண்டே வரவேண்டும். கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, குறுக்காகப் போட்டு, மூன்று முறுக்கு முறுக்கினால் அசையாது. முனையை உள்பக்கம் மடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பழம் பறிக்கும்போது கையைக் கிழிக்கும். கீழே ஒரு அடியை ரிங் இல்லாமல் விட்டு, அதை மண்ணுக்குள் இறக்கினால் 4 அடி கூண்டு தயார். நடுவில் ஒரு தக்காளி நாற்றை நட்டால் காய்த்துத் தொங்கினாலும் சாயாது.

கம்பியின் மேல் இருக்கும் வரி வரியான மேடு, சிமெண்டைக் கவ்விப் பிடிப்பதற்காக வைத்தது. தோட்டத்தில் அதுவே முடிச்சு நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் கம்பி சுடும் என்பதால் செடியை நேராக அதோடு சேர்த்துக் கட்டக்கூடாது. பழைய சேலைக் கிழிசலை எட்டு போல ஒரு சுற்றுப் போட்டுக் கட்டினால் தண்டு அறுபடாது.

வளைவுப் பந்தல்

ஆடிப்பட்டத்துக்குப் புடலை, பீர்க்கு, பாகல் போடுகிறவர்கள் 10 எம்.எம். கம்பியை எடுத்துக்கொள்ளலாம். 20 அடித் துண்டு ஒன்று ஒரு வளைவுக்குப் போதும். இரண்டு பக்கமும் ஒன்றரை அடி மண்ணுக்குள் போனாலும், 4 அடி அகலப் பந்தலில் நடுவில் 7 அடி உயரம் நிற்கும். உள்ளே போய் நிமிர்ந்து நின்று காய் பறிக்கலாம்.

வளைக்க மெஷின் வேண்டாம். 3 அடி அகலக் கிணற்று உறை ஒன்று கிடைத்தால், கம்பியின் நடுப்பகுதியை அதைச் சுற்றி இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் வளைந்துவிடும். விட்டதும் கொஞ்சம் விரியும், கவலை வேண்டாம். ஊன்றும்போது இழுத்து 4 அடிக்குக் கொண்டு வந்துவிடலாம். மூன்றடிக்கு ஒரு வளைவு நட்டு, குறுக்கே துண்டுக் கம்பியோ நைலான் கயிறோ கட்டவேண்டும். தேங்காய் நார்க் கயிற்றைக் கம்பியில் சுற்றிவிட்டால் கொடி நன்றாகப் பற்றி ஏறும்.

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கல் தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துப் பந்தல் போடுகிறார்களே, அதன் குட்டி வடிவம்தான் இது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்பும் அளவுக்கு விளையாது. வீட்டுக் குழம்புக்குத் தாராளமாகப் போதும்.

கம்பி முதலில் துருப் பிடித்து இற்றுப்போவது மண்ணைத் தொடும் இடத்தில்தான். உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பின் பெயிண்ட் அடித்தால் பல வருஷம் தாங்கும். காலைச் சுற்றிக் கொஞ்சம் கான்கிரீட் போட்டு, தரைக்கு மேல் நாலு விரல் எழுப்பிவிட்டால் இன்னும் நல்லது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துரு அண்டவிடாது. லேசாகத் துரு உதிர்ந்தாலும் செடிக்குக் கேடு இல்லை.

மொட்டை மாடியில்...

மாடித் தோட்டத்துக்குக் கம்பி நட தளத்தில் ஓட்டை போடவே போடாதீர்கள். மழைக்காலத்தில் ஒழுக ஆரம்பித்தால் அப்புறம் நிறுத்துவது பெரிய செலவு. காலியான பெயிண்ட் வாளியில் கம்பியை நட்டு கான்கிரீட் ஊற்றினால் அதுவே கால். பச்சை வலை கட்டுகிறவர்கள் ஆடிக் காற்றை மறக்கக்கூடாது. வலை பாய்மரம் போல விரிந்து மொத்தப் பந்தலையும் தூக்கிப் போட்டுவிடும். கைப்பிடிச் சுவரோடு இழுத்துக் கட்டவேண்டும்.

தொட்டி வைக்கும் ஸ்டாண்டு என்றால் பட்டறைக்குப் போய் வெல்டிங் வைப்பதுதான் சரி. 20 லிட்டர் வாளியில் ஈர மண் நிரப்பினால் 30 கிலோ வரை வரும். 8 எம்.எம். கம்பியை இரண்டடி இடைவெளிக்குக் குறுக்கே போட்டால் தொய்ந்துவிடும். 12 எம்.எம். சட்டம் போட்டு, நடுவிலும் ஒரு கால் வைக்கச் சொல்லுங்கள்.

தொட்டில் கொக்கி, ஊஞ்சல் கொக்கி வேண்டாம்

மிச்சக் கம்பியை வளைத்து மாட்டி, அதில் பிள்ளைக்குத் தூளி கட்டும் வழக்கம் இருக்கிறது. இது கூடவே கூடாது. டி.எம்.டி. கம்பியை ஆலையில் சூடாக இருக்கும்போதே தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைப்பதால், மேல் தோல் கடினமாகவும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும். ஒரு முறை அளவாக வளைத்தால் ஒன்றும் ஆகாது. வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைத்தாலோ, குறுகலாக மடக்கினாலோ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் மேல் தோலின் பலம் போய்விடும். பந்தலுக்கு அது பரவாயில்லை. தினமும் ஆடுகிற தொட்டிலில் ஒரு நாள் முறிந்தால் விழுவது பிள்ளை. ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்கும் கொக்கியைத் தளம் போடும்போதே, கான்கிரீட்டுக்கு முன்பு, தளத்துக் கம்பியோடு சேர்த்து மாட்டவேண்டும்.

கரண்டு கம்பி ஜாக்கிரதை

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, நீளக் கம்பியை மாடிக்குத் தூக்கும்போது வருவது. 40 அடிக் கம்பியைச் செங்குத்தாக நிமிர்த்தினால் தெருவில் போகும் மின்கம்பியில் போய் முட்டும். இரும்பு, ஈரக் கை, வெறுங்கால்... நொடியில் முடிந்துவிடும். கம்பியைக் கீழேயே வெட்டித் துண்டாக்கிய பிறகுதான் மேலே கொண்டு போகவேண்டும்.

விதிப்படி, சாதாரண வீட்டு மின்கம்பி கட்டடத்தின் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே போனால் தளத்திலிருந்து 2.5 மீட்டரும் தள்ளி இருக்கவேண்டும். 7 அடிப் பந்தலை அதன் அடியில் வைத்தால் மிச்சம் ஒரு முழம்தான். அந்த மூலையில் பந்தலே வேண்டாம். மின்கம்பி அதையும்விடப் பக்கத்தில் தொங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் எந்த நேரமும் புகார் சொல்லலாம்.

மாடி எடுக்க நீட்டி விட்டிருக்கும் தூண் கம்பிகளில் துணிக்கொடி கட்டுவதும் தவறு. ஒயர் கசிந்தால் ஈரத் துணி வழியாகவே ஷாக் அடிக்கும். அந்தக் கம்பிகளை மடக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. மறுபடி மாடி எடுக்கும்போது அவை வேண்டும். சிமெண்டுப் பால் அடித்து, முனையில் காலி தண்ணீர் பாட்டில் கவிழ்த்து வைத்தால் துருவும் குறையும், கீறலும் படாது. ஆனால் மேலே விழுந்தால் பாட்டில் காப்பாற்றாது. பிள்ளைகள் பட்டம் விடும் மாடி என்றால், கம்பிகளைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி மெலிதாகப் பூசி வைப்பது நல்லது. தோட்டத்தில் நடும் கம்பிக்கும் இதே கதைதான். மேல்முனையைக் கைத்தடி போல மடக்கிவிடுங்கள். குனியும்போது கண்ணைக் குத்துவது இந்த முனைதான்.

கம்பி கிழித்துவிட்டால் சுண்ணாம்பு, மஞ்சள் என்று வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ரண ஜன்னி துருவால் வருவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருகிறது. தோட்டத்துக் கம்பியில் மண் ஒட்டாமல் இருக்காது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.