இழுத்து விடும் தசையும், இழுத்தபடி நிற்கும் தழும்பும்



சிவகாசியை ஒட்டியுள்ள விஸ்வநத்தம் பட்டாசுக்குப் பேர்போன ஊர். பட்டாசுத் தொழில் இன்னமும் பெரும்பாலும் கைகளின் தொழில்தான். காகிதக் குழாய் உருட்டுவதும், திரி சொருகுவதும், சரம் பின்னுவதும் விரல்களின் வேலை. மருந்து தீப்பற்றினால் நெருப்புக்கு மிக அருகில் இருப்பவையும் அதே விரல்கள்தாம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தகைய விபத்துக்களில் மாண்டவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. பிழைத்தவர்களின் கைகளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

நெருப்பு தோலோடு நின்றுவிட்டது, உள்ளிருக்கும் தசைக்குச் சேதமில்லை என்று வைத்துக்கொள்வோம். புண்ணும் ஆறிவிடுகிறது. ஆனாலும் சில மாதங்களில் விரல்கள் மடங்கி நின்றுவிடுவது உண்டு. தசை நன்றாயிருக்கும்போது கை ஏன் முடங்க வேண்டும்? இதற்கு விடை காண, தசை வேலை செய்யும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

சரத்துக்குள் சரம்

உங்கள் வலது முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். பிடித்த கைக்கு அடியில் தசைகள் அசைவது தெரியும். விரல்களை மடக்கும் வலிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் என்னும் உறுதியான கயிறுகள் மணிக்கட்டைக் கடந்து வந்து விரல் எலும்புகளை இழுக்கின்றன.

நம் சரீரத்தில் இவ்விதம் எலும்புகளை அசைக்கும் தசைகள் 600க்கு மேல் உள்ளன. ஒரு தசையைப் பிரித்தால் கட்டுக்கட்டாகத் தசைநார்கள் இருக்கும். ஒவ்வொரு நாருக்குள்ளும் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் உண்டு. ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் எனப்படும் சிற்றறைகள் வரிசையாகக் கோர்க்கப்பட்டதாகும். சரவெடியில் சிறு வெடிகள் அடுத்தடுத்துப் பின்னப்பட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 400 சிற்றறைகள் அடங்கும். ஒவ்வொன்றும் கண்ணுக்கே புலப்படாத அளவு குறுகுகிறது. எல்லாம் சேர்ந்து குறுகும்போது விரல் மடங்கிவிடுகிறது.

பிடியும் விடுதலும்

சிற்றறை குறுகுவது எப்படி என்பதை 1954ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஒரே சமயத்தில் வெளிவந்த இரண்டு கட்டுரைகள் விளக்கின. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே ஆகியோர். மற்றதை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஆகியோர். சிற்றறைக்குள் மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் உள்ளன. தசை குறுகும்போது இவ்விழைகள் சுருங்குவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி உள்ளே செல்கின்றன.

கிணற்றில் வாளியை இழுக்கிறவரைப் பாருங்கள். ஒரு கை கயிற்றைப் பற்றி இழுக்கிறது. பின் விட்டுவிட்டு மேலே எட்டிப் பற்றுகிறது. அதற்குள் மறு கை கயிற்றைத் தாங்கிக்கொள்கிறது. மயோசின் இழையிலுள்ள எண்ணற்ற சிறு தலைகள் ஆக்டினை இவ்விதமே பற்றி, இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன. நரம்பின் கட்டளை வந்ததும் தசைக்குள் கால்சியம் வெளிப்பட்டு, பற்றுவதற்கு வழி திறக்கிறது. கட்டளை நின்றதும் கால்சியம் மீண்டும் உள்ளே சேர்க்கப்படுகிறது, பிடி தளர்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பிடியை விடுவதற்கும் சக்தி வேண்டும். ஏ.டி.பி. என்னும் சக்திப்பொருள் வந்து ஒட்டினால்தான் மயோசின் தலை ஆக்டினை விடும். உயிர் பிரிந்தபின் அந்தப் பொருள் தீர்ந்துபோவதாலேயே உடல் விறைக்கிறது. ஆகவே உயிருள்ள தசையின் சிறப்பு இழுப்பதில் மட்டுமல்ல, இழுத்தபின் விடுவதிலும் இருக்கிறது.

மேலும், தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. மடக்க ஒரு தசையும் நீட்ட வேறொரு தசையும் வேண்டும். எந்த நாணோடு இணைத்தாலும் தசை தன் வேலையைச் செய்யும் என்பதை நம் தமிழ்நாட்டிலேயே கண்டார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளில் அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். செயலிழக்காத ஒரு தசையின் நாணை வேறு வழியாகக் கொண்டுபோய் விரல்களில் இணைத்தார். சிகிச்சைக்குப் பின் பயிற்சியினால் அத்தசை புதிய வேலையைப் பழகிக்கொண்டது.

தழும்பின் இழுப்பு

இப்போது தீப்பட்ட கைக்கு வருவோம். ஆழமான புண் ஆறும்போது அதன் விளிம்புகளை ஒன்றாக இழுப்பதற்கென்று சில செல்கள் அங்கே தோன்றுகின்றன. காப்பியானியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1971இல் இவற்றை விவரித்தார்கள். இச்செல்களும் இழுப்பது அதே ஆக்டின், மயோசின் கொண்டுதான்! ஆனால் நம் விருப்பத்துக்கு இவை கட்டுப்படுவதில்லை. தசையைப் போல இழுத்துவிட்டுத் தளர்வதும் இல்லை. இழுத்த இடத்தில் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் படிந்து அதை இறுக்கிவிடுகிறது. தசைநாணுக்கு உறுதி தருவதும் இந்தக் கொலாஜனே. இதன் மூன்று புரி அமைப்பை 1954–55இல் விளக்கியவர்களில் முன்னோடிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். நாணில் நம்மைத் தாங்கும் அதே பொருள், தழும்பில் நம்மைக் கட்டிப்போடுகிறது.

கை மடங்கியபடியே இருந்தால் தசையும் மாறத் தொடங்குகிறது. குறுகிய நிலையில் கட்டி வைக்கப்பட்ட தசை, சில வாரங்களில் தன் சிற்றறை வரிசையில் ஏறக்குறைய 40 சதவீதத்தை இழந்ததை 1970களில் விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. கட்டை அவிழ்த்தபின் சிற்றறைகள் திரும்ப வளர்ந்ததையும் அதே ஆய்வுகள் காட்டின. நம்பிக்கை தரும் செய்தி இது.

உறவினருக்கும் ஆதரவாளருக்கும்

தீப்புண் பட்டவருக்கு வலி குறைவாகத் தோன்றும் நிலையே பெரும்பாலும் அவயவம் முடங்கிப்போகும் நிலையாகும். "பாவம், வலிக்கிறது, மடக்கியே வைத்துக்கொள்ளட்டும்" என்று வீட்டார் இரங்குவது இயல்பு. அந்த இரக்கமே கையை முடக்கிவிடக் கூடும். மருத்துவர் சொன்ன நிலையில் தாங்கு மட்டை வைத்துக் கட்டுவதும், தோல் ஒட்டியபின் அவர் அனுமதித்த நாள் முதல் இயன்முறைப் பயிற்சியைத் தினமும் செய்வதும் அவசியம். தழும்பு முதிர்ந்து மென்மையாக ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை பயிற்சியை விடலாகாது.

நண்பர்களே, தீப்புண் என்றதும் மருந்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உதவ நம் மனம் முன்வருகிறது. ஆனால் புண் ஆறிய பின்னும் இழுப்பு நிற்பதில்லை. பயிற்சிக்காக மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாளும் கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பள நஷ்டம். பேருந்துச் செலவு வேறு. அந்த நாட்களில் யாராவது தாங்கினால், சரம் பின்னிய விரல்கள் மறுபடியும் சோற்றைப் பிசையவும், பிள்ளைக்குத் தலை வாரவும், தன் பெயரை எழுதவும் கூடும்.